பரத்பூர்ச் சதுப்பில் நீர்ப்பறவைகள்

தில்லியிலும் மதுராவிலும் ஆக்ராவிலும் வாழும் நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து உற்றார் உறவினர் வருவதுண்டு. வந்தவர்களை எங்கெங்கே அழைத்துச் செல்வது என்பதற்கு நம்மிடையே ஒரு வரிசையே ஏற்பட்டுவிட்டது. முதலில் குதுப் மினாரும் செங்கோட்டையும். அதன் பின் பிருந்தாவனம். பிறகு தாஜ் மகால். உடம்பில் தெம்பும் கையில் ஒரு நாளும் மிஞ்சினால் பதேபூர் சிக்ரி. அத்துடன் வண்டியைத் திருப்பிக் கொள்கிறோம். சிக்ரியிலிருந்து மேற்கே இன்னும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றால் ராஜஸ்தானத்தின் எல்லைக்குள் பரத்பூர் என்னும் பழைய சமஸ்தான நகரம் வரும். அந்நகரத்தை ஒட்டி, மதிற்சுவர் சூழ, கேவலாதேவ் தேசியப் பூங்கா அமைந்திருக்கிறது. அவ்வூர் மக்கள் அதைக் 'கானா' என்றே வழங்குகிறார்கள். அடர்ந்த காடு என்பது அச்சொல்லின் பொருள். ஆயினும் அந்த இடத்தின் உயிர்நிலை காட்டில் இல்லை. காட்டினிடையே தேங்கி நிற்கும் நன்னீர்ச் சதுப்பில் இருக்கிறது. பூங்காவின் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். மழை நன்றாகப் பெய்து, விட வேண்டிய நீரும் விடப்பட்ட ஆண்டில், அதில் மூன்றில் ஒரு பங்கு வரை நீர் பரவி நிற்கும். 350-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே காணப்பட்டிருக்கின்றன. அவற்றுள் நீரையும் சேற்றையும் நம்பி வாழும் பறவைகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

பூங்காவினுள் ஓரளவு தூரத்துக்கு மேல் நம் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. நடந்தோ, சைக்கிளிலோ, ரிக்ஷாவிலோ செல்ல வேண்டும். ரிக்ஷா ஓட்டுவோர் பலர் பறவைகளை நன்கு அறிந்தவர்கள். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நாம் தடுமாறும் வேளையில், பறவை எழும்பிய விதத்தைக் கொண்டே இன்னதென்று சொல்லிவிடுவார்கள். சங்குவளை நாரையை அவர்கள் 'ஜாங்கில்' என்பார்கள். வயல்வெளியில் ஆளைக் கண்டதும் அலறி ஊரைக் கூட்டும் நம் ஆள்காட்டிக் குருவி அவர்களுக்கு 'டிட்டிஹரி'. நாம் அதன் தொழிலைக் கண்டு பெயரிட்டோம். அவர்கள் அதன் குரலைக் கேட்டுப் பெயரிட்டார்கள். இந்த இந்திப் பெயர்கள் சிலவற்றைக் கற்று வைத்துக்கொள்வது நல்லது. சந்தையில் காய்கறி வாங்கும் அளவுக்கு மட்டும் இந்தி தெரிந்தவர்களுக்குக் கூட, ரிக்ஷாக்காரரோடு அரை நாள் பேசியபடி செல்ல இப்பெயர்கள் துணை செய்கின்றன.

முதன்முறை செல்வோர்க்குச் சதுப்பின் கரையில் நின்றதும் ஒரு திகைப்பு உண்டாவது இயல்பு. எங்கு நோக்கினும் பறவைகள். ஒன்று போல் மற்றொன்று தோன்றும். அது என்ன, இது என்ன என்று பெயரை விசாரிப்பதிலேயே காலை கழிந்துவிடும். வீடு திரும்பும்போது பத்துப் பெயர்களில் எட்டு மறந்துவிடும். ஆகையால் பெயர்களைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு வேறொரு கேள்வியோடு தொடங்கலாம் என்பது நம் கருத்து. அந்தப் பறவை நிற்கும் இடத்தில் நீர் எவ்வளவு ஆழம்? இதுவே கேள்வி. ஏனெனில் சதுப்பின் பறவைகள் தம் மனம் போனபடி கலந்து நிற்பவை அல்ல. காலின் நீளம், கழுத்தின் நீளம், மூக்கின் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நீர் என்று அளந்து கொடுத்திருக்கின்றன. கரையிலிருந்து உள்நோக்கிப் பார்வையை மெல்ல நகர்த்தினால் அந்த அளவு தானே விளங்கும்.

முதலில் ஈரச் சேறு. நீர் வற்றிய ஓரத்தில், மேலே நீர்ப்படலம் மினுக்கிக் கொண்டிருக்கும் சேற்றில், சிறு பறவைகள் ஓடித் திரிவதைக் காணலாம். இவற்றைப் பொதுவாக உள்ளான் என்போம். கழுத்தில் கறுப்பு வளையம் பூண்ட உப்புக்கொத்தி, விடுவிடென்று நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மீண்டும் ஓடும். அது கண்ணால் கண்டு இரை எடுப்பது. கொசு உள்ளான் என்னும் மிகச் சிறியதோ தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல இடைவிடாமல் சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். இதன் எடை 30 கிராம் அளவே. வாலை ஆட்டிக்கொண்டு தனியே கரையோரம் நடப்பது சாதாரண உள்ளான். முதுகில் பொரிப்பொரியாகப் புள்ளிகள் உடையது பொரி உள்ளான்; இது கணுக்கால் நனையும் நீரில் இறங்கும். கோரைப் புல்லின் அடியில் அசையாமல் பதுங்கியிருப்பது கோரை உள்ளான். அதன் மூக்கு உடம்புக்குப் பொருந்தாத நீளமுடையது. நுனியோ தொட்டறியும் உணர்ச்சி மிக்கது. முழு மூக்கையும் சேற்றுக்குள் செலுத்திய பிறகும் நுனியை மட்டும் திறந்து உள்ளே இருக்கும் புழுவைப் பற்றிக்கொள்ள அதனால் இயலும். காலடியில் மிதிபடும் தறுவாயில்தான் எழும்பி, வளைந்து வளைந்து பறந்துவிடும். இந்தக் கரைப்பறவைகளைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. நிறம் மங்கல், உருவம் சிறிது, தூரத்தில் கூழாங்கல் போன்று தோன்றுவது. பரத்பூருக்குச் சென்று நாரையையும் வாத்தையும் மட்டும் கண்டு திரும்புகிறவர்கள் பாதிச் சதுப்பைப் பாராமலே திரும்புகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

சேற்றைத் தாண்டி ஒரு சாண் நீர் நிற்கும் இடத்துக்கு வருவோம். இங்கே பவளக்கால் உள்ளான் ஒய்யாரமாக நடக்கிறது. கறுப்புச் சிறகும் வெள்ளை உடம்பும் கொண்ட அப்பறவையின் கால்கள் இளஞ்சிவப்புக் குச்சிகளைப் போல இருக்கும். அதே ஆழத்தில், சில சமயம் வயிறு நனையும் வரையிலும், நேரான நீண்ட மூக்குடைய மூக்கன் கூட்டமாக நின்று தலை முழுகும்படி சேற்றைத் துழாவும். அரிவாள் மூக்கன் வளைந்த மூக்கினால் அடிச்சேற்றைக் கிளறும். கரண்டிவாயனோ மூக்கைப் பாதி திறந்தபடி இடமும் வலமும் வீசிக்கொண்டே முன்னேறும். வயலில் அரிவாள் வீசிச் செல்லும் ஆளை அது நமக்கு நினைவூட்டும். முழங்கால் ஆழத்தில் சங்குவளை நாரை வாயைத் திறந்து நீருக்குள் அமிழ்த்திக் காத்திருக்கிறது; மீன் உரசிய மாத்திரத்தில் வாய் மூடிக்கொள்ளும். இவற்றுக்குள் சண்டை பெரிதாக இல்லை. ஒன்றன் பந்தியில் மற்றொன்றுக்கு இலை போடப்படவில்லை.

இனி, தாமரையும் அல்லியும் மூடிய பகுதி. இங்கே ஆழத்தைப் பொருட்படுத்தாமல் இலைமேலேயே நடந்து செல்லும் இலைக்கோழியைக் காணலாம். அதன் விரல்கள் மிக நீண்டவை. உடம்பின் பாரம் பல இடங்களில் பரவுவதால் இலை அமிழ்வதில்லை. இவ்வினத்தில் முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது ஆண் பறவை. பெண் பறவை முட்டையிட்டுவிட்டு வேறு துணையைத் தேடிப் போய்விடும். இதைக் கேட்டுச் சில தாய்மார்கள் புன்னகை செய்வதைக் கண்டிருக்கிறோம்.

ஆழம் மேலும் கூடும் இடத்தில் வாத்துகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இவை இங்கே தங்குகின்றன. வாத்துக் கூட்டத்தை நோக்கும்போது, தலை கீழாகவும் வால் மேலாகவும் நிற்கும் பறவைகளைக் கவனிக்க வேண்டும். இவை மூழ்குவதில்லை, உடம்பைக் குத்திட்டுக் கழுத்தை மட்டும் நீருக்குள் நீட்டி, அடியிலுள்ள விதைகளையும் தண்டுகளையும் எடுக்கின்றன. கிளுவை சிறியது, அதற்குக் குட்டைக் கழுத்து, ஆதலின் ஆழமற்ற இடமே அதற்கு உகந்தது. ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம். அதைவிட ஆழத்தில் அது எட்டி மேயும். தட்டைவாய் வாத்து குத்திட்டு நிற்பது அரிது. அகன்ற மூக்கை நீர் மட்டத்தில் வைத்து உழுதபடி நீந்தும். அம்மூக்கின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு உண்டு. நீரை வடித்துவிட்டு நுண்ணிய உயிர்களை நிறுத்திக்கொள்ளும் சல்லடை அது. இவற்றுக்கும் அப்பால், திறந்த ஆழ்நீரில், செந்நிறத் தலையுடைய மூழ்கு வாத்துகள் ஒரு கணம் இருக்கும், மறு கணம் இராது. அடிவரை சென்று மேய்ந்து வேறோர் இடத்தில் எழும். நெற்றியில் வெள்ளைக் கேடயம் உடைய கரிய நாமக்கோழியும் அவ்வாறே. ஆழ்நீர் என்று சொன்னாலும் இங்கே அது 2 மீட்டரைத் தாண்டுவது அரிது.

வாத்துகளில் ஆண்களை இனம் காண்பது எளிது. குளிர்காலத்தில் அவை வண்ணத்தோடு இருக்கும். பெண்கள் எல்லா இனத்திலும் பழுப்பு நிறம். தேர்ந்தவர்களையும் திணறச் செய்யும். பக்கத்தில் எந்த ஆண் நீந்துகிறது என்று பார்த்துப் பெண்ணின் இனத்தைச் சொல்வது பழக்கத்தில் உள்ள ஓர் உபாயம். பெரும்பாலும் பலிக்கும்.

நீரிலிருந்து எழுந்து புல்வெளியில் மேயும் வரித்தலை வாத்துகளைத் தவறவிடக் கூடாது. வெளிர்சாம்பல் உடம்பும், வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கறுப்பு வரிகளும் உடையவை. திபெத்திலும் லடாக்கிலும் மங்கோலியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து வருகின்றன. 7,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இவை பறந்ததைக் கருவி பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள். மெல்லிய காற்றிலும் உயிர்வளியைப் பற்றிக்கொள்ளும் தன்மை அவற்றின் குருதிக்கு உண்டு. இவற்றில் ஒரு சிறு பகுதி பரத்பூரோடு நின்றுவிடாமல் தெற்கே சென்று, திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை போய்த் தங்குகிறது. அவ்வூரார் எவரேனும் தில்லியில் இருந்தால், அவர் ஊருக்குப் போகும் வழியும் இப்பறவைகள் போகும் வழியும் ஏறக்குறைய ஒன்றே. இன்னொரு பறவை நம் நாட்டில் காணக் கிடைக்காதது: சாரசம். ஆள் உயரம், சாம்பல் உடம்பு, சிவந்த தலை. எப்போதும் ஜோடியாகவே இருக்கும். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஒரு ஜோடியை வளர்த்து, லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு, அவை குஞ்சு பொரித்த வரலாற்றைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். தாஜ் மகாலைக் கண்டு திரும்பும் நம் விருந்தினர்க்குச் சொல்ல ஏற்ற செய்தி இது.

மேற்கூறியவற்றில் ஒன்றை நேயர்கள் கவனித்திருக்கக் கூடும். இவ்வளவு பறவைகளின் பிழைப்பும் சாண் கணக்கில் அளக்கப்படுகிறது. நீர் இரண்டு சாண் ஏறினால் கரைச்சேறு மறைந்து உள்ளான்களுக்கு இடமில்லாமற் போகும். இரண்டு சாண் இறங்கினால் மூழ்கு வாத்து போய்விடும். அப்படியானால் இந்த ஆழத்தை அமைத்தவர் யார்? இயற்கை என்று விடை சொன்னால் அது பாதி விடையே ஆகும்.

பரத்பூர் ஒரு தாழ்ந்த நிலப்பகுதி. மழைக்காலத்தில் கம்பீர், பாணகங்கை என்னும் ஆறுகளின் வெள்ளம் அங்கே வந்து பரவும். 18-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சூரஜ்மல் மன்னர் காலத்தில் அஜான் அணைக்கரை கட்டப்பட்டது. அக்கரையில் தேங்கும் நீர் பிற்காலத்தில் கால்வாய் வழியே கானாவுக்குள் விடப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தானத்தார் அந்தப் பள்ளத்தைச் சிறு சிறு வரப்புகளால் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மதகு வைத்து, இதில் இவ்வளவு, அதில் அவ்வளவு என்று நீரை நிறுத்தினார்கள். ஏரிப்பாசனம் கண்ட ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரை, மதகு, மடை, வாய்க்கால் எல்லாம் நமக்குப் பழகிய பொருள்களே. நம் ஏரிகளில் நெல்லுக்காகச் செய்ததை இங்கே வாத்துக்காகச் செய்தார்கள். அதுவும் வாத்தின் நலத்துக்காக அன்று; சுடுவதற்காக.

கேவலாதேவ் ஆலயத்தின் அருகே கல்வெட்டுகள் சில நிற்கின்றன. எந்த நாளில், எந்தப் பிரபுவின் வருகையை ஒட்டி, எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்று கணக்கு அதில் பொறித்திருக்கிறது. 1902-ஆம் ஆண்டு டிசம்பரில் கர்சன் பிரபு வந்தபோது 540. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் லின்லித்கோ பிரபு வந்தபோது, அந்த ஒரே நாளில் 4,273. ஒரு கோயிலின் அருகே இப்படி ஒரு கல் நிற்பதைக் கண்டு முகம் சுளிப்பவர் உண்டு. கல்லை அகற்றாமல் வைத்திருப்பதே நன்று என்று நாம் நினைக்கிறோம். ஒரு நாளில் நாலாயிரம் பறவைகளைச் சுட்ட பின்னும் அடுத்த ஆண்டு பறவைகள் வந்தன என்பதையும் அந்தக் கல்லே நமக்குச் சொல்கிறது. வேட்டை கொடியதே. ஆயினும் வேட்டையாடியவர்கள் நீரை நிறுத்தத் தவறவில்லை. அந்நாளில் செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில் நிலைமை நேர் எதிராக இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்த அவ்வூர்க் குடியானவர்கள், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக் கூடாது என்ற உத்தரவைக் கும்பினிக் கலெக்டரிடமிருந்து பெற்றுவிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு, இந்த நிலத்தை வடித்துச் சாகுபடிக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. நிலமில்லாதவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதலியோர் சதுப்பின் பக்கம் நின்று வாதாடினர், சதுப்பு தப்பியது. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் இங்கேயே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவித்தார். அவ்வளையங்களில் சில சோவியத் நாட்டில் கண்டெடுக்கப்பட்டுத் திரும்பி வந்தபோதுதான், இந்த வாத்துகளின் மறுவீடு எது என்பது ஐயமின்றி விளங்கிற்று. கடைசிப் பெரிய வேட்டை 1964-இல் நடந்தது. முன்னாள் மன்னரின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. 1981-இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியல், 1982-இல் தேசியப் பூங்கா, 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என மரியாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மரியாதைகள் வந்த காலத்திலேயே இழப்பும் நேர்ந்தது. சைபீரியக் கொக்கு என்னும் தூய வெண்ணிறப் பறவை, முகம் சிவந்து, விரிந்த சிறகின் முனை மட்டும் கறுத்து, குளிர்காலந்தோறும் இங்கே வந்துகொண்டிருந்தது. 1960-களின் நடுவில் ஏறக்குறைய 200 பறவைகள் வந்தன. ஆழமற்ற நீரில் நின்று, நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் அதே கோரைக்கிழங்கைத் தோண்டி உண்பது அதன் வழக்கம். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை குறைந்தது. வரும் வழியில் ஆப்கானிஸ்தானம் முதலிய நாடுகளில் அவை வேட்டையாடப்பட்டன, போரும் குறுக்கிட்டது. வளர்ப்புக் குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே விட்டு, காட்டுப் பறவைகளோடு சேர்க்கவும் முயன்றார்கள், பயன் தரவில்லை. 2001-2002 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்தது. அதன் பிறகு வரவில்லை. சீனத்தின் போயாங் ஏரிக்குச் செல்லும் கிழக்குக் கூட்டம் மட்டும் இன்றும் இருக்கிறது. நம் நாட்டுக்கு வந்த கூட்டத்தின் குஞ்சுகள் வழியைத் தாய் தந்தையரோடு பறந்தே கற்றன. கற்பிக்க ஒருவரும் எஞ்சாதபோது வழியும் அழிந்தது.

1982-ஆம் ஆண்டு வேறொரு துயரமும் நடந்தது. தேசியப் பூங்கா ஆனதும் மாடு, எருமை மேய்ச்சல் அடியோடு தடுக்கப்பட்டது. சுற்றுக் கிராமத்தார் எதிர்த்து வந்தபோது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து சிலர் உயிரிழந்தனர். மேய்ச்சல் நின்றால் பறவைகள் பெருகும் என்பதே அந்நாளைய எண்ணம். நடந்தது வேறு. எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த ஒரு நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து திறந்த நீர்ப்பரப்பை மூடத் தொடங்கிற்று. வாத்துக்கு நீந்த இடமில்லை, உள்ளானுக்கு ஓடச் சேறு இல்லை. பம்பாய்க் கழகத்தார் வி. எஸ். விஜயன் தலைமையில் ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆராய்ந்து இதைக் கண்டனர். மேய்ச்சல் கூடாது என்று முன்பு கருதிய துறையின் அறிஞர்களே அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் கிராமத்தார் தங்கள் ஆட்களைப் புதைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் சீமைக் கருவேலை வேரோடு அகற்றும் பணியில் அதே கிராமத்தார் ஈடுபட்டு, விறகைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அந்த ஏற்பாட்டினால் இரு தரப்புக்கும் நன்மை உண்டாயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய கவலை நீர். கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்சனா அணை எழுந்தது. 2004-ஆம் ஆண்டளவில் அணையின் நீர் கானாவுக்கா, மேலேயுள்ள உழவர்களுக்கா என்ற வழக்கு முற்றி, சதுப்புக்கு நீர் விடுவது தடைப்பட்டது. சில ஆண்டுகளில் பூங்கா காய்ந்த வெளியாகிக் கிடந்தது. பின்னர் சம்பல் ஆற்றிலிருந்து குழாய் வழியேயும், கோவர்தன் வடிகாலிலிருந்து 2012-ஆம் ஆண்டளவில் முடிந்த திட்டத்தின் வழியேயும் நீர் கொண்டுவரப்பட்டது. நீர் வந்துவிட்டதே, குறை என்ன என்று கேட்கலாம். ஆற்று வெள்ளம் கால்வாய் வழியே வரும்போது தன்னோடு கோடிக்கணக்கான மீன்குஞ்சுகளைக் கொண்டுவரும். குழாய் நீர் அவ்வளவு கொண்டுவருவதில்லை.

இதன் விளைவை ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கருவேல மரங்களின் உச்சியில் காணலாம். சங்குவளை நாரைகள் அப்பொழுதுதான் கூடு கட்டும். நல்ல ஆண்டில் ஒரே மரத்தில் பத்து, இருபது கூடுகள். குஞ்சுகளின் இரைச்சல் தூரத்திலேயே கேட்கும். அத்தனை குஞ்சுகளுக்கும் நாள்தோறும் டன் கணக்கில் மீன் வேண்டும். வெள்ளம் வந்து மீன் பெருகும் காலத்தோடு குஞ்சு பொரிக்கும் காலத்தை அப்பறவைகள் பொருத்தி வைத்திருக்கின்றன. வெள்ளம் வராத ஆண்டில் அவை மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூடு கட்டாமலே போய்விடுவதுண்டு. எனினும் கரௌலியின் உழவரைக் குற்றம் சொல்லி விஷயத்தை முடித்துவிட நமக்கு மனமில்லை. காவிரியைப் பற்றி வீட்டில் பேச்சு எழும்போது நாம் எவ்வளவு கொதிப்படைகிறோம்! ஆற்றின் தலைமாட்டில் இருப்பவரும் கால்மாட்டில் இருப்பவரும் கேட்பது ஒரே நீரைத்தான். இங்கே கால்மாட்டில் இருப்பவருக்கு வாய் இல்லை. அதனால் வழக்கு இன்னும் கடினமாகிறது.

பரத்பூருக்குச் செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். தில்லியிலிருந்து மதுரா வழியாகக் கோட்டா செல்லும் ரயில் பாதையில் அந்நகரம் இருக்கிறது. நாரைக் கூடுகளைக் காண மழைக்காலத்தின் பிற்பகுதியும், வாத்துகளைக் காண டிசம்பர், ஜனவரியும் ஏற்ற காலங்கள். குளிர்கால விடியலில் மூடுபனி கண்ணை மறைக்கும். ஒன்பது மணி வரை பொறுத்திருக்க வேண்டியிருக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்க வேண்டும். இல்லையேல் எல்லாப் பறவையும் கரிய நிழலாகவே தெரியும். பளிச்சென்ற நிறப் புடவைகளையும் சட்டைகளையும் அன்று ஒருநாள் விலக்குவது நலம். பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை உண்ணும் இடத்தைக் கரையிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். குரங்குகள் அங்கே நம்மைவிட விழிப்பானவை. தொலைநோக்கி இல்லாதவர்கள் வாயிலில் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். ரிக்ஷாவில் ஏறியவுடன் இந்த ஆண்டு எவ்வளவு நீர் வந்தது, எந்த மாதத்தில் வந்தது என்று கேட்டுவிட வேண்டும். அதற்கு அவர் சொல்லும் விடையைப் பொறுத்தே அன்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது முடிவாகும்.

நமக்கு விருப்பமான காலம் மார்ச்சு மாதம். கூட்டம் குறைந்துவிடும். நீர் பின்வாங்க, கரைச்சேறு நாளுக்கு நாள் அகலும். வாத்துகளில் பெரும்பாலானவை புறப்பட்டுவிட்டிருக்கும்; உள்ளான்கள் அப்பொழுதுதான் நெருங்கிக் கூடும். மாலை வரையிலும் தலையை நிமிர்த்தாமல் மேய்ந்துகொண்டே இருக்கும். வழிப்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை உடம்பில் ஏற்றிக்கொள்ளும் காலம் அது. மங்கலாக இருந்த இறகுகளில் செம்பழுப்பு நிறம் ஏறத் தொடங்குவதையும் கூர்ந்து பார்த்தால் காணலாம். 30 கிராம் எடையுள்ள அந்தக் கொசு உள்ளானுக்கு முட்டையிடும் இடம் சைபீரியாவின் வடகோடி, ஆர்க்டிக் கடலை ஒட்டிய பனிவெளி. பாலைவெயில் கடுமையாவதற்கு முன், ஓர் அந்திவேளையில், சேற்றிலிருந்து ஒரு கூட்டம் ஒன்றாக எழும்பும்; தலைக்கு மேலே இருமுறை வட்டமிடும்; பிறகு வடக்கே திரும்பும். மறுநாள் காலையில் அந்தச் சேற்றில் அவற்றின் காலடித் தடங்கள் மட்டும் இருக்கும். பக்கத்துப் பாத்தியில் இன்னொரு கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும்.